கூடாரம் போட ஒரு மேடு

செசிலியாவுக்கும் எனக்கும் முதல் சண்டை அவளுடைய கட்டை விரலால் வந்தது.

நான் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறேன். திருப்பாலைவனத்தில் முழு நேரக் கடை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஏரிக்கரைக் குப்பத்தில் ஒரு பகுதி நேரக் கடையைத் திறப்பேன். அந்தக் கடையில் செசிலியா விரலை வைத்தால் மெஷினில் ரேகை விழாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், வலது கை, இடது கை, எதை வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும். பின்னால் வரிசை முனகும். எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். "கையைக் கழுவினு வான்னு எத்தினி வாட்டி சொல்றது உனக்கு?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. பத்து விரலையும் என் மேசை மேல் விரித்து வைத்தாள். "கழுவினுதான்க்கா வந்தேன். இருந்தாத்தானே வுழும்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. ஒரு கோடு இல்லை. பதினாலு வயதிலிருந்து ஏரியில் இறங்கி எறா, அதாவது இறால், தடவுகிறவள் அவள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி எறாவைப் பிடிக்க வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் விரல்தான் பார்க்க வேண்டும். அந்தச் சேறு ரேகையைத் தின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் கண்ணைப் பார்க்கிற கருவியை வைத்து அவளுக்குப் பொருள் போட்டேன். அவளும் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள்.

இனி என் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமுதவல்லி, ஆறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருக்கிறோம். மாட்டினால் பாதி கேட்கும். மீதியை எங்கள் வாயையும் கையையும் பார்த்துப் புரிந்துகொள்வாள். பேசுவது பாதி வாயால், பாதி கையால். அவள் தெளிவாகச் சொல்லும் ஒரே சொல் "நைனா". அவள் அப்பாவுக்கு அதில் இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கடையில் ஒருத்தி "வாயுள்ள பிள்ளை பொழைக்கும், இது பாவம்" என்று சொல்லப்போய், அவளுக்கு அந்த மாதம் நான் கொடுத்த பேச்சு ஏழு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ராத்திரியில் மெஷினைக் கழற்றிவிட வேண்டும். காது புண்ணாகும், சார்ஜும் போட வேண்டும். அப்போது அமுதுவுக்கு இருக்கிற ஒரே துணை வெளிச்சம். கண்ணைத் திறந்தால் என் முகம் தெரிய வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு புயல் ராத்திரியில் கரண்ட் போனது. விழித்துக்கொண்டவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். நான் பக்கத்திலேயே இருந்து கட்டிப் பிடித்தேன். யார் கை என்று தெரியாமல் என் இடது மணிக்கட்டைக் கடித்தாள். தழும்பு இன்னும் இருக்கிறது. தொண்டை கட்டிப்போகும் வரை அலறினாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கு அணைவதில்லை. தலையணைக்கு அடியில் இரண்டு டார்ச்.

இப்படிப்பட்ட பெண்ணின் பள்ளியில் பிப்ரவரி மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு ராத்திரி கூடாரத்தில் தங்க வைக்கப் போகிறார்கள் என்று சீட்டு வந்தது. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி நீங்களே வெளியில தூங்க வெச்சுப் பாருங்க. அழாம தூங்கிட்டான்னா அனுப்புங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அமுது அதற்குள் வீட்டுச் சுவரில் பதினோரு கூடாரம் வரைந்திருந்தாள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பெண் படுத்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் ஹரிஹரன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஆள் சாது. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதுவும் "சரி" என்றுதான் இருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் என்னைக் கேட்காமலேயே ஆன்லைனில் ஒரு நீலக் கூடாரம் வாங்கிவிட்டார். இனி இடம்தான் பாக்கி.

இடம் தேட ஆரம்பித்தோம். கடலோரம் ஒரு இடம், போனில் பார்த்தால் சொர்க்கம். "குடும்பத்தோடு தங்க ஏற்றது" என்று எழுதியிருந்தது. நேரில் போனால் கூடாரத்துக்குக் கூடாரம் ஒரு முழம் இடைவெளி, நடுவில் ஆளுயர ஸ்பீக்கர். பாட்டுப் போட்டதும் அமுது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மெஷினைப் பிடுங்கிப் போட்டாள். சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். "சவுண்டு இல்லேன்னா யாரு மேடம் வருவா" என்றான் அங்கிருந்தவன். நான் அவனிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஹரிஹரன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சுண்ணாம்புக்குளம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு பார்த்தோம். நிழல் அருமை, மண் சுத்தம். ஆனால் கக்கூஸ் இல்லை, கூப்பிட்ட தூரத்தில் ஒரு வீடு இல்லை. ஏழெட்டு நாய்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தன. ஆறு வயதுப் பிள்ளை ராத்திரியில் அவசரம் என்றால் எங்கே போவது? அதுவும் வேண்டாம்.

அடுத்த செவ்வாய் கடையில் இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது வரிசையில் நின்ற செசிலியா சொன்னாள். "எங்க ஊட்டாண்ட ஒரு மேடு கீதுக்கா. வந்து பாருங்களேன்."

கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். அவள் வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடியில் மணல்மேடு. மேலே இரண்டு பனை, ஓரமாக ஒரு வேலிக்காத்தான் புதர். கீழே ஏரி, முழங்கால் தண்ணீர்தான். கக்கூஸ் வீட்டோடு இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. அவளுடைய நாய்க்குப் பல்லே இல்லை. கண்ணாடித் துண்டு, முள், எதுவும் இல்லாமல் அந்த இடத்தைப் பெருக்கி வேறு வைத்திருந்தாள். எனக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுக்கா" என்றாள் செசிலியா. "வர்ற சனிக்கெழம எங்க பாடு. இந்தப் பக்கம் வெளிச்சம் காட்டக் கூடாது."

எறா ஓடுகிற வாய்க்கால்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்பதைக் குப்பத்தில் சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒரு வீட்டுக்கு ஒருமுறை வந்துபோனால் மறுபடி எப்போது வரும் என்று காத்துக் கிடக்க வேண்டியதுதான். பாடு இருக்கிற ராத்திரியில் அந்தக் கரையில் யாரும் விளக்குக் கொளுத்தமாட்டார்கள். வெளிச்சம் கண்டால் எறா ஒதுங்கிப்போகும். யாரும் காவல் இல்லை, அபராதம் இல்லை. ஆனாலும் பீடி பற்றவைக்கிறவன்கூடத் திரும்பி நின்று கையால் மறைத்துக்கொள்வானாம்.

ஹரிஹரனுக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான் ஷிப்டு இல்லை. அதை விட்டால் பிப்ரவரிக்கு முன்னால் வேறு நாள் கிடையாது. "வெளிச்சமில்லாம முடியாது செசிலியா, என் பொண்ணப் பத்தி உனக்குத்தான் தெரியுமே" என்றேன்.

திரும்பி வரும் வழியில்தான் அந்த இடம் என் கண்ணில் பட்டது. ஏரியை ஒட்டி, படகு கட்டும் துறைக்குப் பக்கத்தில், சமமாக விரிந்து கிடந்தது. எங்கள் ஊர்க் களத்துமேடு போல இறுகிய தரை, ஓரத்தில் பச்சைப் புல். துறைக்குப் போட்டிருந்த சோலார் விளக்குக் கம்பம் சரியாக அதன் நடுவில் நின்றது. பாடு நடக்கும் வாய்க்காலுக்கும் இதற்கும் நல்ல தூரம். நான் நெல் விதைக்கிற வீட்டுப் பெண், மண்ணைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தேன். கல்லாட்டம் இருந்தது.

"அது வேணாம்க்கா" என்றாள் கூடவே வந்த செசிலியா. "வாட திரும்புனா ஏரி அங்கதான் வந்து படுக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மழ பேஞ்சு பத்து நாளாவுது. மடையும் இல்ல, மதகும் இல்ல. தண்ணி எங்கேந்து வரும்? எங்கப்பா நாப்பது வருஷம் வயலுக்குத் தண்ணி பாய்ச்சினவரு. காத்து அடிச்சா தண்ணி ஏறும்னு ஒருநாளும் சொன்னதில்ல."

அவள் விளக்குக் கம்பத்தைக் காட்டினாள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, கம்பத்தைச் சுற்றிக் காய்ந்த பாசி ஒட்டியிருந்தது. "இது இன்னாக்கா?"

"காத்துல பறந்து வந்து ஒட்டியிருக்கும்" என்றேன். யார் யாருக்கோ சட்டம் பேசுகிற எனக்கு, கண்ணெதிரே ஒட்டியிருந்த பாசி கண்ணில் படவில்லை. வயல்காட்டில் தண்ணீர் மேலிருந்து வரும், இல்லை மடை திறந்தால் வரும். படுத்துக் கிடக்கிற தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு வரும் என்று நெல் விதைக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை மூன்றரைக்கெல்லாம் போய்விட்டோம். கூடாரம் நின்றது. அமுது உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தாள். வாசலில் செருப்பை ஜோடியாக வைத்தாள். நான் வெளியில் நின்று கதவைத் தட்டுவது போலத் தட்ட வேண்டும், அவள் திறந்து கையால் "வா" என்று கூப்பிட வேண்டும். இதையே இருபது தடவை. புளிசாதமும் அப்பளமும் கூடாரத்துக்குள்தான் சாப்பிடுவேன் என்றாள். ஹரிஹரன் பாதி உடம்பு உள்ளே பாதி வெளியே என்று உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு ஒரே பெருமை. இடம் பார்ப்பது எப்படி என்று என்னிடம் கற்றுக்கொள்ளட்டும் எல்லாரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு மேல் காற்று திரும்பியது. வடகிழக்கிலிருந்து சில்லென்று வந்தது, நல்லாத்தான் இருந்தது. அமுது கூடாரத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் புடவையை இழுத்துக் கையால் "தண்ணி" என்றாள்.

"கொட்டிட்டியா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள். கால் விரலை அசைத்துக் காட்டினாள். பார்த்தால் தரை மேல் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் நின்றது. அலை இல்லை, சத்தம் இல்லை, சும்மா ஊர்ந்து வந்திருந்தது. காது கேட்கிற இரண்டு பேரும் ஒன்றும் கேட்காமல் அப்பளம் தின்றுகொண்டிருந்தோம்.

கால் மணி நேரத்தில் கணுக்கால் வரை வந்துவிட்டது. நான் பாயைச் சுருட்ட, ஹரிஹரன் கம்பிகளைப் பிடுங்க, அந்த அவசரத்தில் அமுது வழுக்கித் தண்ணீரில் மல்லாந்து விழுந்தாள். இரண்டு மெஷினும் நனைந்துவிட்டன. கழற்றி உலர்த்துகிற டப்பாவில் போட்டேன். விடியும் வரை அதைத் திறக்கக் கூடாது. நான் நிமிர்ந்தபோது சோலார் விளக்கு பளிச்சென்று எரிந்தது, சுற்றிலும் தண்ணீராக. அந்த விளக்கின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது?

யாரும் கூப்பிடவில்லை. செசிலியா தண்ணீரில் விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தாள். காற்று திரும்பியதுமே கிளம்பியிருக்கிறாள். கூடாரத்தை மடிக்கக்கூட இல்லாமல் அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "ஜல்தி வாங்க, இருட்டறதுக்குள்ள" என்றாள். அமுது அப்பா தோளில். வழி நெடுக செசிலியா "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தால் பத்து தடவை சொல்லியிருப்பேன். போகிற வழியில் ஒன்றும், மறுவாரம் கடையில் ஒன்பதுமாக.

மேடு காய்ந்து கிடந்தது. அவள் புருஷன் ஸ்டீபன் வாய்க்காலில் வலைக் கழிகளை நட்டுவிட்டு ஏறி வந்தான். கூடாரத்தை அவனும் ஹரிஹரனும் சேர்ந்து நிறுத்தினார்கள். மேற்கே கொஞ்சம்தான் வெளிச்சம் மிச்சம். நான் பையைக் கட்ட ஆரம்பித்தேன். வண்டியில் ஏறினால் அரை மணியில் வீடு, அங்கே விளக்கு இருக்கிறது. இருட்டு முழுசாக வருவதற்குள் இவளைக் கொண்டுபோய்விட வேண்டும்.

அமுதுவுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போனால் பிப்ரவரி இல்லை. கூடாரத்துக் கம்பியைக் கட்டிக்கொண்டாள். ஒரு கையால் தரையைக் காட்டிக்காட்டி "இங்கே, இங்கே" என்றாள். அழுகை வரவில்லை, ஆனால் வாய் கோணிக்கொண்டிருந்தது. என்னிடம் எதற்கும் கெஞ்சாதவள் அவள்.

ஸ்டீபன் அதைப் பார்த்தான். வாய்க்காலைப் பார்த்தான். "டார்ச்ச கொளுத்திக்கோங்கக்கா" என்றான். "கொழந்தக்கி மிஞ்சினது இன்னா? பாடு இன்னொருக்கா வரும்."

செசிலியா அவனைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒரே மூச்சில் அதை முடித்துவிட்டார்கள். நாற்பது நாள் காத்திருந்த ராத்திரியை, தங்கள் பேச்சைக் கேட்காமல் போய் மூழ்கின ஒருத்தியின் பெண்ணுக்காக விட்டுக்கொடுக்க அவர்களுக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்று இருந்தது.

"வேணாம்" என்றேன். "நாங்க போறோம். எம் புத்திக்கு நான்தான் அனுபவிக்கணும்."

"இருங்கக்கா" என்றாள் செசிலியா. "இருட்டுல அதுக்கு இன்னாதான் ஆவுது?"

"காதும் கேக்காது, கண்ணும் தெரியாது. நாங்கல்லாம் போய்ட்டோம்னு நெனச்சிக்கிது."

"அவ்ளோதானா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். "எங்களுக்கும் அப்டித்தானே. வாடையில நான் ஒரு கோடி, அவுரு ஒரு கோடி. கத்தினா கேக்காது. வெளக்கு கூடாது. செத்தாரா இருக்காரான்னு எனக்கு எப்டித் தெரியும்? கயிறுதான் சொல்லும்."

நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள் போய் ஒரு நைலான் கயிறு கொண்டுவந்தாள். ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டினாள். இன்னொரு முனையை அமுதுவின் கையில் கட்டினாள். அவள் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து, ஒரு தடவை இழுத்தாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நான் கைச்சாடையில் சொல்லிக்கொடுத்தேன்: ஒன்று இழுத்தால் "இருக்கியா?" பதிலுக்கு ஒன்று இழுத்தால் "இருக்கேன்". இரண்டு இழுத்தால் "வா".

செசிலியா எழுந்து பனைமரத்துக்குப் பின்னால் போய் மறைந்தாள். அமுது கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். கயிறு ஒருமுறை வெட்டி இழுத்தது. அவள் தோள் தூக்கிப்போட்டது. அவளும் இழுத்தாள். மறுபடி ஒன்று வந்தது. என் பெண் முகத்தில் சிரிப்பு பரவியதை அந்த மங்கலிலும் பார்த்தேன். இரண்டு இழுத்தாள். செசிலியா மரத்துக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள். அமுது அவளை மறுபடி அனுப்பினாள். வீட்டுக்கு அந்தப் பக்கம், புதருக்குப் பின்னால். அப்புறம் செசிலியா அவள் கண்ணைத் துணியால் கட்டினாள். கட்டினதும் அமுதுவின் கை துணிக்குப் போனது. அதற்குள் கயிறு ஒன்று இழுத்தது. கை இறங்கி வந்து பதில் சொன்னது.

"சரியா வருமா?" என்று ஹரிஹரன் என்னைக் கேட்டார். ஆச்சரியம்தான், "சரி" என்று சொல்லாமல் கேள்வியாகக் கேட்டார்.

"கூடாரத்துல ஒருக்கா அலறினாலும் கிளம்பிடணும்" என்றேன்.

செசிலியா கயிற்றை அவிழ்த்து என் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். முடிச்சுப் போடும்போது அந்த வழவழ விரல் என் தழும்பின் மேல் ஒரு நொடி நின்றது. "கடியா?" என்றாள், பார்க்காமலேயே. ஆமாம் என்றேன். "எங்கிட்ட இது இல்லாத எடமே கெடையாது, நண்டு" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். பத்து அடியில் அவளும் ஸ்டீபனும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இருட்டு வந்தது. இடம் பற்றாமல் ஹரிஹரன் கூடாரத்துக்குப் பின்னால் பாய் விரித்துக்கொண்டார். கூடாரத்துக்குள் என் கையே எனக்குத் தெரியவில்லை. கயிறு ஒன்று இழுத்தது. நான் ஒன்று இழுத்தேன். உடனே இன்னொன்று. நானும் ஒன்று. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அவள் கட்டிக்கொள்ள வரவில்லை. பிப்ரவரியில் அம்மா பக்கத்தில் இருக்கமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். கேள்வி வந்துகொண்டே இருந்தது, இருக்கியா, இருக்கியா என்று. வெளியே காற்று பனையோலையைப் போட்டு அடித்தது. அந்தச் சத்தம் எனக்குப் பயமாக இருந்தது, அவளுக்கு அது இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்விகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது.

நான் தூங்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவள் இழுக்கும்போது பதில் இல்லையென்றால் அவ்வளவுதான், புயல் ராத்திரி மறுபடி வந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டேன். கிள்ளிக்கொண்டேன். ஆனால் காலையிலிருந்து சமைத்து, மூட்டை கட்டி, தண்ணீரில் ஓடி வந்த உடம்பு. எப்போது கண் மூடினேன் என்று தெரியாது.

விழித்தபோது கூடாரத்துத் துணி வழியே சாம்பல் வெளிச்சம். பக்கத்தில் அமுது இல்லை. என் மணிக்கட்டிலிருந்த கயிறு கூடாரத்து வாசல் வழியாக வெளியே போயிருந்தது. தவழ்ந்துகொண்டே வெளியே வந்தேன்.

கயிறு எட்டுகிற தூரத்தில் செசிலியா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அமுது. நடுவில் கூடை நிறைய எறா துடித்துக்கொண்டிருந்தது. பெரியதைத் தனியாகச் சின்னதைத் தனியாக இரண்டு பேரும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். செசிலியாவின் கை ஏரியைப் பார்த்துக்கொண்டே பிரித்தது. என் பெண்ணும் அதையே செய்து பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்காமல், விரலால் மட்டும்.

கயிறு அசைந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். எறா நாற்றமடிக்கிற கையை உதறிவிட்டுச் சாடையில் பேச ஆரம்பித்தாள்.

"ராத்திரி முழிச்சேன். இழுத்தேன். அம்மா இழுக்கலை."

நான் என் மணிக்கட்டிலிருந்த முடிச்சைப் பார்த்தேன்.

"மறுபடி இழுத்தேன். அம்மா இழுக்கலை. மறுபடி இழுத்தேன்."

நான் இல்லாமல் போன அந்த நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் அவளுக்கு? அலறவில்லையே, என் பொண்ணு அலறவில்லையே. அவள் நிறுத்தவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒரு கைக்கு முன்னால் இன்னொரு கை என்று வைத்துக் காட்டினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள், இருட்டில், கொஞ்சம் கொஞ்சமாக. எழுந்து வந்து என் இடது கையைப் பிடித்தாள். முடிச்சுக்குக் கீழே அந்தத் தழும்பை ஆள்காட்டி விரலால் தடவினாள், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

"தொட்டேன். அம்மா. அப்புறம் தூங்கிட்டேன்" என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டிவிட்டு, பாதியில் விட்ட எறாவுக்குத் திரும்பிப் போனாள்.

நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"பாப்பா இன்னா சொல்துக்கா?" என்று கேட்டாள் செசிலியா.

"நான் இருந்தேனாம்" என்றேன்.